நாளிதழ் மேடையும் சொந்தப் பக்கமும்



எந்த இதழிலும் பணியில் அமராமல் தனித்து எழுதிய நம் எழுத்தாளர்களுக்கு, 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' பெரும் மேடையாக விளங்கியது. 1950ஆம் ஆண்டு வாக்கில் கதை வகுப்பு நடத்தி எழுதவும் பயிற்றுவித்தது. ஆயினும், இதழ் ஏற்காத படைப்பு வீட்டுப் பெட்டியிலேயே உறங்கிற்று.

1980களில் நம் நாட்டவர் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' கணினியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. 2007இல் அச்சிதழாக வந்த 'வல்லினம்' 2009இல் இணையத்திற்கு மாறியது. எழுதுவோர் பலர் தத்தம் பெயரிலேயே பக்கம் தொடங்கினர்.

2019இல் தமிழ் நேசன் நின்றது. நறுக்குகளைச் சேர்த்து வைக்காதோர் தம் எழுத்தையே தேட வேண்டியதாயிற்று. இணையப் பக்கமும் ஒருநாள் மறையலாம்.

அம்பாங்கில் என் வகுப்பிலும் கதை எழுதும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்குச் சொந்தப் பக்கம் அமைத்துக் கொடுப்போம். ஒவ்வொரு படைப்பின் படியையும் வீட்டில் காப்போம்.