நேசித்த நூலோடு வழக்காடுதல்

எங்கள் பங்கில் ஞாயிறு மாலைதோறும் ஒரு சிறு விவிலிய வாசிப்புக் குழு கூடுகிறது. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் பணிபுரிகிறவர்களே அதில் பெரும்பாலோர். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, ஷிப்டு நேரத்திற்கேற்ப உறக்கத்தையும் செபத்தையும் அமைத்துக்கொண்டவர்கள். சில மாதங்களுக்கு முன் 137ஆம் திருப்பாடலை வாசித்தோம். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூத மக்கள் தங்கள் ஊரை நினைத்துக் கண்ணீர் வடிக்கும் பாடல் அது. வாசித்து முடித்ததும் இளம்பெண் ஒருவர் எழுந்தார்.

"ஃபாதர், இந்தப் பாட்டு எனக்காகவே எழுதினது மாதிரி இருக்கு. ஊரை விட்டு வந்த நாள்லயிருந்து இதைத்தான் படிக்கிறேன். ஆனா கடைசி வசனம் வந்ததும் புத்தகத்தை மூடிடுறேன். அப்படி எழுதினது தப்புன்னு மனசுக்குப் படுது. நான் அப்படி நினைக்கலாமா?"

எதிரியின் பச்சிளங்குழந்தைகள் பாறையில் மோதி அழிய வேண்டும் என்று விரும்பும் வசனம் அது. அந்தப் பெண்ணின் இரண்டு வயதுக் குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. குழுவிலிருந்த பெரியவர் ஒருவர், "வேதத்தைக் குறை சொல்ல நாம யாரும்மா?" என்று கடிந்துகொண்டார். நானோ, அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். விடை தெரியாத குருக்களுக்கு அடுத்த வாரம் எப்போதும் கைகொடுக்கிறது.

ஒரு நூலை நேசிக்கிறவருக்கு அதைக் குறைகூற உரிமை உண்டா? அந்த வாரம் முழுவதும் இக்கேள்வியோடு இருந்த எனக்கு, நான் பணியாற்றும் இவ்வட்டாரத்தின் வரலாறே முதல் வெளிச்சத்தைத் தந்தது. இன்று கார்களுக்கும் கைப்பேசிகளுக்கும் பெயர்பெற்ற திருப்பெரும்புதூர், வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த ஊர். மரபு கூறும் ஆண்டு 1017. 2017இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா சிறப்பாகக் கொண்டாடப்பட்டது.

வைணவக் குருபரம்பரை நூல்கள் அவரைப் பற்றிச் சொல்லும் நிகழ்ச்சிகளில் இரண்டு நம் கேள்விக்கு மிக நெருக்கமானவை. இளமையில் அவர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் இடத்தில் 'கப்யாசம்' என்றொரு சொல் வருகிறது. ஆசிரியர் அதற்குக் குரங்கின் பின்புறம் போலச் சிவந்த என்று பொருள் உரைத்தார். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடைமீது சுடச்சுட விழுந்தது. காரணம் கேட்கப்பட்டபோது, கதிரவனால் மலர்த்தப்பட்ட தாமரை என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாமே என்று இராமானுசர் எடுத்துரைத்தார். ஆசிரியர் சினந்தார். இருவருக்குமிடையே இருந்த பிளவு அதனால் மேலும் ஆழமாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது மறுப்புக்கு முன் வந்த கண்ணீரை. ஆசிரியரை வெல்லும் நோக்கம் அந்த மாணவருக்கு இருந்ததாக மரபு சொல்லவில்லை. நேசித்த நூல் இழிவாகப் பொருள் கொள்ளப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நோவே அவரைச் சொல்லின் வேர் வரை தேடச் செய்தது.

இரண்டாம் நிகழ்ச்சி திருவரங்கத்தில் நடந்தது. அங்கே அவர் திருமாலையாண்டானிடம் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டார். ஆண்டான், மறைந்த ஆளவந்தாரின் சீடர். தம் குருவிடம் கேட்டதையே சொல்பவர். இராமானுசரோ சில பாசுரங்களுக்கு வேறு பொருள் தோன்றுவதாகச் சொன்னார். "இது விசுவாமித்திர சிருட்டி, ஆளவந்தார் இப்படிச் சொல்ல நான் கேட்டதில்லை" என்று கூறி ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். செய்தியறிந்து வந்த திருக்கோட்டியூர் நம்பி, இராமானுசர் கூறிய பொருளை ஆளவந்தார் வாயிலிருந்து தாமே கேட்டிருப்பதாகச் சான்று பகர்ந்தார். பாடம் மீண்டும் தொடங்கியது.

இம்மரபு இந்த வழக்கை மறைக்காமல் தன் நூல்களில் எழுதி வைத்தது. திருவாய்மொழிக்கு எழுந்த ஐந்து பெரும் உரைகளில் முதலாவதாகிய ஆறாயிரப்படி, இராமானுசரின் ஆணைப்படி திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது. பின்வந்த ஈடு முப்பத்தாறாயிரப்படியில் ஒரே பாசுரத்துக்கு ஆசான்கள் கூறிய வெவ்வேறு பொருள்கள் அவரவர் பெயரோடு காக்கப்பட்டுள்ளன. கருத்து வேறுபாட்டை வெளியே தள்ளாமல் உரைக்குள்ளேயே இடம் கொடுத்த சமூகம் அது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய வழக்கு உண்டு. 403ஆம் ஆண்டில் புனித அகுஸ்தினார் புனித ஜெரோமுக்கு எழுதிய மடல் ஒன்றில் அதைக் காண்கிறோம். இன்றைய லிபியாவின் திரிப்போலி அன்று ஓயா எனப்பட்டது. அவ்வூர் ஆயர் யோனா நூலை ஜெரோமின் புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி. ஜெரோம் அதை 'ஹெடரா' என்னும் வேறொரு படர்கொடியாக மாற்றியிருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய சொல் மாறியதும் கோவிலில் பெருங்கூச்சல் எழுந்தது. தம் மக்களை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய ஆயர் மாற்றத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஜெரோமோ தம் பதிலில் தம் சொல்லுக்காக வாதாடினார்.

இந்த வழக்கில் வென்றவர் யார்? அந்த எபிரேயச் சொல் ஆமணக்கைக் குறிக்கிறது என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. தமிழ் விவிலியத்திலும் நாம் ஆமணக்கு என்றுதான் படிக்கிறோம். சுரைக்காகக் கூச்சலிட்ட மக்களிடம் பற்று இருந்தது, மொழியறிவு இல்லை. ஜெரோமிடம் மொழியறிவு இருந்தது, ஆனால் அவர் தேர்ந்த சொல்லும் பொருந்தவில்லை. நேசம் ஒருவருக்குப் பேசும் உரிமையைத் தருகிறது; அவர் சொல்வது சரியென்பதற்கு அது உத்தரவாதமாகாது. அதனால்தான் திருக்கோட்டியூர் நம்பியைப் போன்ற மூன்றாமவரும், பொறுமையாகக் கேட்கும் ஒரு சமூகமும் தேவைப்படுகின்றனர்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைவிடக் கம்பனை நேசித்தவர்களைக் காண்பது அரிது. நெல்லையில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யில் கம்பனின் சுவையை அறிந்தவர் பலர். அந்த நேசத்தின் மிகுதியாலேயே, தம் செவிக்கும் உள்ளத்துக்கும் ஒவ்வாத பாடல்களை இது கம்பன் வாக்காக இருக்க முடியாது என ஒதுக்கினார். சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்று இன்றி இவ்வாறு செய்யலாகாது என்று அறிஞர்கள் எதிர்த்தனர். அவர்கள் எதிர்ப்பில் நியாயம் உண்டு. இந்தப் பாடல் என்னை நோகச் செய்கிறது என்று சொல்வது வாசகரின் உரிமை. நோகச் செய்வதால் இது நூலிலேயே இல்லை என்று ஆக்கிவிட்டால், அடுத்து வரும் வாசகர் வழக்காடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இந்த இரண்டுக்கும் நடுவே திருச்சபை எடுத்த நிலையை அந்த வாரத்தில்தான் நான் புதிய கண்ணோடு பார்த்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைக்கப்பட்டு 1971இல் வெளிவந்த திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய திருப்பாடல்கள் முழுமையாகவும், வேறு சில பாடல்களின் சாப வசனங்களும் விடப்பட்டுள்ளன. அவற்றைச் செபிக்கையில் எழும் உள்ளத்து இடர்ப்பாடே காரணம் என்று அதன் பொதுப் படிப்பினை கூறுகிறது. 137ஆம் திருப்பாடலின் இறுதி மூன்று வசனங்களும் விடப்பட்டவற்றுள் அடங்கும். அந்த இளம்பெண்ணின் நோவைத் திருச்சபையும் அறிந்திருந்தது. நாள்தோறும் திருப்புகழ்மாலை சொல்லும் எனக்கு அது அதுவரை உறைக்கவில்லை. ஆயினும் விவிலியத்திலிருந்து ஒரு வசனமும் நீக்கப்படவில்லை. செபத்தில் விடப்பட்டது, நூலில் காக்கப்பட்டது. அகுஸ்தினாரும் இவ்வசனத்தை எழுத்தின்படி ஏற்க இயலாமல், குழந்தைகள் என்பது நம்முள் முளைக்கும் தீய இச்சைகள், பாறை என்பது கிறிஸ்து என்று உருவகமாக விளக்கினார். அந்த உரையும் ஒரு நோவில் பிறந்ததே என்று எண்ணுகிறேன்.

இன்னும் மேலே சென்றால், வழக்காடுகிறவரை விவிலியமே தன்னுள் ஏற்றிருக்கிறது. யோபு கடவுளோடு வாதாடினார். அவருடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடினார்கள். நூலின் முடிவில், நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றும் யோபுவே சரியாகப் பேசினார் என்றும் கடவுள் தீர்ப்பளிக்கிறார். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டமும், திருச்சபையின் நலன் சார்ந்தவற்றில் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமை மட்டுமன்று, சில வேளைகளில் கடமையும் இறைமக்களுக்கு உண்டு என்கிறது. மேய்ப்பர்களிடம் பேச உரிமையுள்ளவர்கள் தாம் படிக்கும் நூலைப் பற்றி அம்மேய்ப்பர்களிடம் கேட்கக் கூடாதா?

அடுத்த ஞாயிறு இவற்றைச் சுருக்கமாகக் குழுவில் சொன்னேன். அந்தப் பெண், "அப்போ கடைசி வசனத்தை விட்டுடலாமா, ஃபாதர்?" என்று கேட்டார்.

"செபிக்கும்போது விட்டுவிடலாம் அம்மா. படிக்கும்போது விட வேண்டாம். பாபிலோன் படை எருசலேமை அழித்தபோது தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரின் குரலாகவும் அது இருக்கலாம். அந்தத் துயரத்தையும் கடவுள் முன் கொண்டுவர இந்த நூலில் இடம் இருந்திருக்கிறது. அது தவறு என்று சொல்ல உங்களுக்கும் இதே நூலில் இடம் இருக்கிறது" என்றேன்.

எல்லாரும் கலைந்த பின், முந்தின வாரம் அவரைக் கடிந்துகொண்ட பெரியவர் மட்டும் நாற்காலிகளை அடுக்கியபடி நின்றார். "சாமி, ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கக் கூட்டிட்டுப் போனாரே, அதுல எனக்கு ஒரு கேள்வி இருக்கு. நாப்பது வருசமா யார்கிட்டயும் கேக்கல" என்றார்.

நான் இரண்டு நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப் போட்டேன்.