டெபாசிட் பணம் யார் கையில்?

2007 ஏப்ரல் 6க்கு முன்பு இங்கிலாந்தில் வாடகை வீட்டைக் காலி செய்தவருக்கு டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும் என்பதை முடிவு செய்தவர், அந்தப் பணத்தைக் கையில் வைத்திருந்தவரேதான். அது வீட்டுக்காரராக இருக்கலாம், அவருக்காக வீட்டைக் கவனித்த லெட்டிங் ஏஜென்டாகவும் இருக்கலாம். கம்பளத்தில் கறை, சுவரில் ஆணித் துளை, அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு என்று ஏதாவது சொல்லிப் பிடித்துக்கொண்டால், குடியிருந்தவர் கவுன்டி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அடுத்த வீட்டுக்கும் டெபாசிட் திரட்டியாக வேண்டிய நேரத்தில் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

இத்தனைக்கும் வாடகைச் சட்டங்களுக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை. 1915இல் கிளாஸ்கோவில் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்நின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம், போர்க்கால அரசையே வாடகை உயர்வைத் தடுக்க வைத்தது. வாடகை வீட்டு முகவரி தருவதற்கே தரகர்கள் பணம் கேட்பதை 1953ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. லண்டன் நாட்டிங் ஹில்லில் பீட்டர் ராக்மன் என்ற வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களை மிரட்டி விரட்டிய கொடுமை வெளிவந்த பின், 1965ஆம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோத வெளியேற்றத்தைத் தண்டித்தது. டெபாசிட் ஆண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றுகூட 1980இல் வரம்பு வந்தது. அந்தப் பணத்தை யார் வைத்திருப்பது என்பதை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை.

1989இல் காட்சி மாறியது. புதிய குடித்தனங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு போனது. குறுகிய கால ஒப்பந்தங்கள் பெருகின. 1996இல் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கும் 'பை டு லெட்' கடன் வந்ததும், வேறு வேலையில் இருந்துகொண்டே ஒன்றிரண்டு வீடு வாங்கி, சாவியை ஏஜென்டிடம் கொடுத்துவிடும் புதிய வீட்டுக்காரர்கள் உருவானார்கள். ஏஜென்ட் ஆவதற்கு உரிமம் ஏதும் தேவைப்படவில்லை. நிறுவனம் நொடித்தால் வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்தே போயின. இழந்தவர்களில் வீட்டுக்காரர்களும் உண்டு.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 1998இல் 'அன்சேஃப் டெபாசிட்' என்ற அறிக்கையில் இந்த அநியாயத்தை அம்பலப்படுத்தியது. 2000இல் அரசு சில பகுதிகளில் டெபாசிட்டைக் காக்கும் ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. விரும்பினால் சேரலாம் என்றது. சேர்ந்தவர்கள் கொஞ்சமே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1977லேயே வாடகை டெபாசிட்டுக்கென ஒரு வாரியத்தைச் சட்டப்படி அமைத்திருந்தது. அந்த முன்மாதிரி கண்முன் இருந்தும் பிரிட்டன் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டதற்கு நியாயமே கிடையாது.

கடைசியில் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் டெபாசிட் பாதுகாப்பைக் கட்டாயப்படுத்தியது; அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்த நாள்தான் 2007 ஏப்ரல் 6. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அங்கீகாரம் பெற்ற மூன்று அமைப்புகளில் ஒன்றில் டெபாசிட்டைப் பதிந்தாக வேண்டும். பணத்தையே அமைப்பிடம் ஒப்படைப்பது ஒரு வழி. கையில் வைத்துக்கொண்டு காப்பீடு செய்வது மற்றொன்று. தகராறு வந்தால் நடுவர் கட்டணமின்றித் தீர்ப்பார். டெபாசிட் குடியிருப்பவரின் பணம், அதில் கழிக்க வேண்டும் என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்பதே அவருடைய அடிப்படை. சுமை இடம் மாறியதும் வழக்கங்களும் மாறின. குடிபுகும் நாளில் ஒவ்வோர் அறையின் நிலையையும் படத்தோடு பதிந்து கையெழுத்து வாங்கும் 'இன்வென்டரி' இல்லாத வீட்டுக்காரர் நடுவர் முன் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கிறார். புழங்கித் தேய்ந்ததற்குக் காசு கேட்கவும் முடியாது.

தொடக்கத்தில் சட்டத்தில் ஓட்டை இருந்தது. 14 நாளில் பதியாவிட்டால் டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு அபராதம் என்றார்கள். ஆனால் விசாரணைக்கு முன் எப்போது பதிந்தாலும் தப்பிக்கலாம் என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் அதை அடைத்தார்கள்: கெடு 30 நாள், தவறினால் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம். அதே ஆண்டு ஸ்காட்லாந்திலும் 2013இல் வட அயர்லாந்திலும் இதுபோன்ற ஏற்பாடு வந்தது. 2019 இங்கிலாந்தில் முக்கியமான ஆண்டு. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மிகக் கூடாது, ஆண்டு வாடகை 50,000 பவுண்டோ அதற்கு மேலோ ஆனால் ஆறு வாரம் என்று வரம்பு கட்டினார்கள். ஏஜென்டுகள் குடியிருப்பவரிடம் வசூலித்துவந்த கட்டணங்களில் பெரும்பாலானவை ஒழிந்தன. வாடிக்கையாளர் பணத்துக்கு ஏஜென்டுகள் பாதுகாப்பு எடுப்பதும் கட்டாயமானது.

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஏஜென்ட் டெபாசிட்டைப் பதியத் தவறினாலும் நீதிமன்றம் வீட்டுக்காரரைக் கேட்கும். பதிவுச் சான்றை நீங்களே பார்த்து வாங்கி வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் வீட்டுக்காரர் குடும்பம் வசிக்கும் வீட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு இந்தச் சட்டத்தின் காப்பு பொதுவாகக் கிடையாது. அவர் கொடுக்கும் பணத்துக்கு எழுத்தில் ரசீது வாங்கியே ஆக வேண்டும்.