சொப்பும் ஏடும்: நம் பிள்ளைகளின் கைகளில் எதைக் கொடுத்தோம்?

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடிய குடும்பங்கள் கடைவீதியில் கால் வைக்காமல் ஊர் திரும்புவதில்லை. பெரியவர்கள் மங்குஸ்தானையும் நேந்திரங்காய் வறுவலையும் விலை கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் கடையின் முன் நின்றுவிடுவார்கள். அங்கே ஒருபுறம் மரத்தில் கடைந்த சொப்புச் சாமான்கள்; மறுபுறம் மின்கலத்தில் ஓடி, ஒளிவிட்டு, ஓசையெழுப்பும் நெகிழிப் பொம்மைகள். பெருநாள் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது? சிறிய கேள்விதான். ஆயினும் நம் முன்னோர் இதற்கு அளித்த விடைகளைத் திரும்பிப் பார்த்தால், அவை சிறியவையாகத் தோன்றவில்லை.

மதீனாவின் விளையாட்டுப் பொருள்கள்

விளையாட்டை வீண்பொழுது என்று எண்ணும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நபிகளாரின் (ஸல்) இல்லமோ வேறு செய்தி சொல்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளம் பருவத்தில் பொம்மைகள் வைத்துத் தோழியருடன் விளையாடியதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. நபிகளார் வீட்டினுள் வந்ததும் தோழியர் நாணி ஒளிந்துகொள்வார்கள். நபிகளாரோ அவர்களைத் திரும்ப அனுப்பி, விளையாட்டைத் தொடரச் செய்வார்கள்.

அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சி உள்ளது. கைபர் அல்லது தபூக் போரிலிருந்து நபிகளார் திரும்பிய சமயம். காற்றில் திரை விலக, ஆயிஷா அவர்களின் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் செய்த இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபிகளார் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் மறுமொழி கூற, நபிகளார் கடைவாய்ப்பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள். பெரும் பயணத்திலிருந்து திரும்பிய தலைவருக்கு ஒரு துணிக்குதிரையைப் பற்றிக் கேட்க நேரமிருந்தது என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அக்குதிரை ஒரு கதையையும் சுமந்திருந்தது. விளையாட்டும் கல்வியும் அங்கே தனித்தனியாக இல்லை.

ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் நெருக்கமானது. ஆஷூரா நாளில் அன்சாரிகள் தம் சிறு பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்வார்கள். கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொண்டு, உணவு கேட்டு அழும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை தேற்றுவார்கள். கடையில் வாங்கியதன்று, தாயின் கை செய்தது.

உருவங்கள் குறித்த தடையிலிருந்து சிறார் பொம்மைகளுக்குப் பெரும்பாலான அறிஞர்கள் விலக்களித்ததற்கு இத்தகைய அறிவிப்புகளே ஆதாரம். மாற்றுக் கருத்துடையோரும் உண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில், மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு நல்ல விளையாட்டு வேண்டும் என்றும், விளையாட்டை முற்றிலும் தடுத்து ஓயாமல் படிக்கவைப்பது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாமின் எச்சரிக்கை, பள்ளி விட்டதும் பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் நமக்கும் பொருந்துகிறது.

அம்பாசமுத்திரத்துச் சொப்பு

2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அம்பாசமுத்திரம் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. எனினும் குற்றாலக் கடைகளின் சொப்புக்குப் பேர்போன ஊர் அதுதான். மஞ்சள் கடம்பு போன்ற மரத்துண்டைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளியால் உருவம் கொடுத்து, சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு, குடம், அம்மி, உரல், திருகை என ஒரு முழு அடுக்களையே இப்படி உருவாகும். நடை பழகும் பிள்ளைக்கு நடைவண்டியும், சற்று வளர்ந்தவனுக்குப் பம்பரமும் உண்டு.

சொப்பு தானாக எதுவும் செய்யாது. அடுப்பில் தீயை மூட்டுவதும், குடத்தில் நீரை நிரப்புவதும், விருந்துக்கு ஆள் அழைப்பதும் பிள்ளையின் கற்பனைதான். பொத்தானை அழுத்தியதும் ஓடும் பொம்மையில் பிள்ளை பார்வையாளர் மட்டுமே. மண்ணைச் சோறாக்கி, முதல் கவளத்தைப் பாட்டிக்கு ஊட்டும் பிள்ளை விருந்தோம்பலையும் பகிர்தலையும் யாரும் சொல்லாமலே பழகிக்கொள்கிறது.

கடையநல்லூரிலிருந்து தஞ்சோங் பகார் வரை

விளையாட்டுப் பொருளுக்கு அடுத்தது நூல். இங்கே தென்காசி வட்டாரத்து முஸ்லிம்கள் கடல் கடந்து எழுதிய வரலாறு ஒன்று உண்டு. நெசவுக்குப் பெயர்பெற்ற கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றவர்கள் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. மறு ஆண்டே ஜப்பானிய ஆக்கிரமிப்பு வந்தது. 1945-ல் போர் ஓய்ந்தபோது பட்டினியும் இழப்பும் எங்கும் நிறைந்திருந்தன. அந்நிலையிலும் 1946-ல் அவர்கள் தம் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள்.

அதற்குச் சூட்டிய பெயரே அவர்களின் உள்ளத்தைக் காட்டும்: உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. நபிகளாரின் வாழ்வை 5,027 பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடிய புலவரின் பெயர் அது. மார்க்கமா மொழியா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே ஏட்டில் அமையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1960-ல் அங்கே உயர்நிலைக் கல்வியும் வந்தது. பின்னர் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாட, மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982-ல் பள்ளி மூடப்பட்டது. பெயர் மட்டும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது.

அந்தப் பெற்றோரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிள்ளையின் எதிர்காலம் கருதித்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் தமிழகத்திலேயே வாழும் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தமிழில் ஒரு கதைநூலை முழுமையாக வாசித்திருக்கிறார்கள்? உழைத்துக் களைத்த கைகள் பள்ளி கட்டின. ஓய்வுள்ள நம் கைகள் பிள்ளையிடம் கைபேசியைத் தருகின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

விளையாட்டுப் பொருள் வாங்கும்போது, இதைக்கொண்டு பிள்ளை என்ன செய்யும் என்று கேட்போம். இது பிள்ளைக்கு என்ன செய்து காட்டும் என்பது அடுத்த கேள்வி. 2021 முதல் 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; நெகிழிப் பொம்மையில் அதைத் தேடுவோம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆதலால் சொப்பு வாங்குகையில் பூசியிருப்பது அரக்கா, வண்ணப்பூச்சா என்று கேட்பதும், வாயில் போடும் வயதுப் பிள்ளைக்குச் சிறு உருப்படிகளைத் தவிர்ப்பதும் நம் பொறுப்பு.

நூல் வாங்கும்போது ஒன்று நபிமார் வரலாறாகவும் ஒன்று நல்ல தமிழ்க் கதையாகவும் இருக்கட்டும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது. இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையை அருகில் அமர்த்தி நாமே வாசித்துக் காட்ட வேண்டும். சிறகுள்ள குதிரையைப் பற்றிக் கேட்டுச் சிரித்த நபிகளாரின் உம்மத்தினர் நாம். நம் பிள்ளையின் சொப்படுப்பில் என்ன சமையல் என்று கேட்க நமக்கும் நேரத்தையும் மனத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக.