சாவகச்சேரியில் ஒரு கொரிய மொழி வகுப்பு: புதிதாகத் தொடங்குபவர்கள் அறிய வேண்டியவை

கிழமையில் மூன்று நாள், பின்னேரம் ஆறு மணிக்கு, சாவகச்சேரி சந்தையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் ஏழு பேர் கூடுகிறோம். ஒரு வெள்ளைப் பலகை, ஆளுக்கொரு கொப்பி, ஒரு சின்ன ஸ்பீக்கர். படிப்பிப்பவர் தென்கொரியாவில் தொழிற்சாலை வேலை செய்து திரும்பிய ஊர் அண்ணை ஒருவர். நாங்கள் அவரை சேர் என்று கூப்பிடுவதில்லை. அண்ணை என்றே கூப்பிடுகிறோம்.

எனக்கு வயது 35. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியை விட்டு வெளிக்கிட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, என் படிப்பில் தொடர்ச்சியும் இல்லை. ‘இந்த வயதில் இன்னொரு மொழியா?’ என்று கேட்டவர்கள் பலர். எட்டு மாதம் படித்தபின் நான் சொல்லக்கூடியது இதுதான்: தமிழ் பேசுபவருக்குக் கொரிய மொழி நினைத்த அளவுக்குத் தூரமில்லை. ஆனால் படிப்பையும் பயணத்தையும் போட்டுக் குழப்பினால் காணியும் நகையும் போய்விடும். இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

எந்தப் பரீட்சை, எந்த வழி

தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதற்கு ‘வேலை அனுமதி முறை’ என்ற திட்டத்தை 2004 ஓகஸ்டில் ஆரம்பித்தது. இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. முதலில் உடன்படிக்கை செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரியப் பக்கத்தில் கொரிய மனிதவள அபிவிருத்திச் சேவையும், இங்கே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இதை நடத்துகின்றன. இந்த வழியில் ஆட்களை அனுப்பத் தனியார் முகவர் எவருக்கும் இடமில்லை.

18 வயது முதல் 39 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். பரீட்சை கணினித் திரையில் நடக்கும். வாசிப்பில் 20 கேள்வி, கேட்டலில் 20 கேள்வி, மொத்தம் 50 நிமிடம், 200 புள்ளி. குறைந்தபட்சப் புள்ளியைத் தொட்டால் மட்டும் போதாது. கூடிய புள்ளி எடுத்தவர்களில் இருந்து வரிசையாகத்தான் ஆட்களைத் தெரிவு செய்வார்கள். அதன்பிறகு திறன் சோதனையும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்கள், பணம் கட்ட முன்னர் அறிவித்தலில் உள்ள தகைமைகளைக் கவனமாக வாசியுங்கள்.

‘டொபிக்’ என்ற பெயரில் இன்னொரு பரீட்சையும் உண்டு. அது ஆறு தரங்கள் கொண்டது, பல்கலைக்கழகப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுவது. வேலைக்கானது ‘ஈபிஎஸ் டொபிக்’. வகுப்பில் சேரும்போது எதற்குப் படிப்பிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எழுத்து: பயப்பட ஒன்றுமில்லை

கொரிய எழுத்தைப் பார்த்துச் சீன எழுத்துப்போல ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லை. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ‘ஹங்குல்’ இது. அடிப்படை எழுத்துகள் 24 மட்டும்: மெய் 14, உயிர் 10. இரட்டித்தவையும் கூட்டு உயிர்களும் சேர்த்தால் 40. எங்கள் 247ஐப் படித்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

‘க்’ உம் ‘இ’ உம் சேர்ந்து ‘கி’ ஆவதுபோலத்தான் அங்கேயும். ஒரேயொரு வித்தியாசம், கடைசியில் வரும் மெய்யும் அதே கட்டத்துக்குள் கீழே போய் உட்காரும். ‘கிம்’ என்பது நமக்கு இரண்டு எழுத்து, அவர்களுக்கு ஒரே கட்டம். எங்கள் வகுப்பில் இரண்டு கிழமையில் எல்லோரும் எழுத்துக்கூட்டி வாசித்தோம்.

ஒலிதான் சிக்கல். தமிழில் ‘த’ ஒன்று. கொரிய மொழியில் மெல்லியது, மூச்சோடு வருவது, இறுக்கமானது என மூன்று. நாம் ‘தால்’ என்று ஒரேமாதிரி எழுதக்கூடிய மூன்று சொற்களுக்கு அங்கே நிலா, முகமூடி, மகள் என்று மூன்று பொருள். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சோடு வரும் ஒலிக்குக் கடதாசி ஆடும், இறுக்கமான ஒலிக்கு ஆடாது. அண்ணை காட்டித்தந்த வழி இது. கொரியச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாடமாக்க வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொன்னதற்கும் காரணம் இதுதான்.

இலக்கணம்: இங்கேதான் எங்களுக்கு லாபம்

‘நான் வீட்டில் சோற்றைச் சாப்பிடுகிறேன்’ என்பதைக் கொரிய மொழியில் ‘ஜொனுன் ஜிபெசொ பாபுல் மொகொயோ’ என்பார்கள். ஜொ என்றால் நான், ஜிப் என்றால் வீடு, பாப் என்றால் சோறு. ‘எசொ’ எங்கள் ‘இல்’, ‘உல்’ எங்கள் ‘ஐ’. சொல்லின் வாலில் வேற்றுமை உருபு ஒட்டுகிறது, வினை கடைசியில் வருகிறது. தமிழ் வசனத்தைத் திருப்பிப் போடத் தேவையில்லை, சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பெரும்பாலும் சரிவரும். சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள் என்று ஆளுக்கு ஏற்ப வினை மாறுவதும் இல்லை.

மரியாதையும் அப்படியே. நாங்கள் ‘சொல்லு’ என்பதை ‘சொல்லுங்கோ’ ஆக்குகிறோமே, அதுபோல அவர்கள் வினையின் கடைசியில் ‘யோ’ சேர்க்கிறார்கள். வேலையிடத்தில் மேலாளரோடு ‘யோ’ இல்லாமல் பேசினால் திமிர் என்று எடுப்பார்கள். அண்ணன் என்பதை ஆண் சொன்னால் ‘ஹியொங்’, பெண் சொன்னால் ‘ஒப்பா’. அக்காவுக்கும் அப்படி இரண்டு சொல். அம்மா ‘ஒம்மா’, அப்பா ‘அப்பா’தான்.

இதைக் கண்டு இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. உறவோ இல்லையோ, வசன ஒழுங்கு படிக்கிறவனுக்கு உதவுகிறது. சிங்கள மொழியிலும் வினை கடைசியில்தான். தெற்கில் படிக்கிற பிள்ளைக்கு உள்ள அனுகூலம் எங்களுக்கும் இருக்கிறது. எங்கள் கைக்கு வந்த விளக்கப் புத்தகங்கள் சிங்களத்தில் இருந்ததுதான் குறை. அதனால் நாங்களே தமிழில் சொற்பட்டியல் தயாரித்தோம். இப்போது 600 சொற்களைத் தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர் அதைப் படம் பிடித்து எடுத்துச் செல்லலாம்.

எண்களில் மட்டும் நேரம் எடுங்கள். இரண்டு வரிசை உண்டு. ஹனா, தூல், செட் என்பது சொந்த எண். இல், இ, சம் என்பது சீனத்திலிருந்து வந்தது. மணியைச் சொந்த எண்ணிலும் நிமிடத்தைச் சீன எண்ணிலும் சொல்ல வேண்டும். சம்பளக் கணக்குச் சீன எண்ணில் வரும்.

ஏன் சின்ன வகுப்பு

எங்களில் ஒருவருக்கு ஷெல் அதிர்ச்சியில் இடது காது மந்தம். முதலில் நூறு பேருக்கு மேல் இருந்த ஒரு வகுப்புக்குப் போய், ஒன்றும் விளங்காமல் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். இங்கே அவர் பலகைக்கு இடப்பக்கம், வலது காது அண்ணையின் பக்கம் இருக்கும்படி உட்காருகிறார். அவருக்காக ஒவ்வொரு ஒலிப்பதிவையும் மூன்று தரம் போடுகிறோம். அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டல் திருந்தியது. பரீட்சையில் பாதிப் புள்ளி கேட்டலுக்கு என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பயன்: வாய் திறக்க வேண்டி வரும். ஏழு பேரில் ஒளிந்திருக்க முடியாது. பிழை விட்டால் சிரிப்போம், திருத்துவோம்.

பரீட்சைக்கான தரப் பாடப்புத்தகம் 60 பாடங்கள், இரண்டு தொகுதி. புத்தகமும் ஒலிப்பதிவும் கொரிய மனிதவள அபிவிருத்திச் சேவையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செஜோங் கல்வி நிலைய அறக்கட்டளையின் இணையப் பாடங்களும் இலவசம். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்தால் எந்த ஊரிலும் ஒரு வகுப்புத் தொடங்கலாம்.

வேலைப் பாதுகாப்புப் பாடங்களைத் தள்ளிவிடாதீர்கள். ‘விஹொம்’ என்றால் ஆபத்து, ‘கும்ஜி’ என்றால் தடை, ‘அன்ஜொன்மோ’ என்றால் பாதுகாப்புத் தலைக்கவசம். முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகையைக் கண்டால் கால் தானாக நிற்கப் பழகியவர்கள் நாங்கள். அந்நிய நாட்டு இயந்திரத்துக்கு முன்னாலும் அப்படி நிற்க வேண்டுமென்றால் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டும்.

காசு கட்ட முன்னர்

எங்கள் வகுப்பில் ஒருவர் ‘பரீட்சை இல்லாமலே கொரியா’ என்ற பேச்சை நம்பி, தாயின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தார். காசும் இல்லை, கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கவே ஆறு மாதம். இன்று அவர்தான் எங்கள் எல்லோரிலும் கூடப் படிக்கிறார்.

அதனால் சில விசயங்களை மனதில் வையுங்கள். பரீட்சையில் சித்தி என்பது வேலை அல்ல. சித்தியடைந்தவரின் பெயர் வேலை தேடுவோர் பட்டியலுக்குப் போகும், கொரிய முதலாளி தெரிவு செய்தால்தான் ஒப்பந்தம். சித்தி 2 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் அழைப்பு வராமலும் போகலாம். வேலை விசா முதலில் 3 ஆண்டு, நீடித்தால் 4 ஆண்டு 10 மாதம் வரை. குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது. நினைத்தபடி கம்பனி மாறவும் முடியாது. கட்டணம், திகதி எல்லாவற்றையும் பணியகத்தின் அறிவித்தலில் மட்டும் பாருங்கள். சித்தியடைய முன்னர் காணியில் கை வைக்க வேண்டாம்.

அடுத்த பரீட்சைக்கு எங்களில் ஐந்து பேர் விண்ணப்பிக்கிறோம். காது மந்தமானவரும் அதில் ஒருவர். போன கிழமை மாதிரிப் பரீட்சையில் கேட்டலில் 20க்கு 14 எடுத்தார். நான் 13.