தந்திக் கருவி முதல் தொடுதிரை வரை: விரல் காட்டிக்கொடுக்கும் அடையாளம்

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே வருவது அப்பாவா, தம்பியா என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விரலும் அப்படித்தான். ஸ்மார்ட்போன் திரையில் விரல் நகரும் விதத்தை வைத்தே, அதைப் பயன்படுத்துபவர் யார் என்று கண்டறிய முடியும். இது புதிய சங்கதி போலத் தோன்றலாம். ஆனால் இதன் வரலாறு தந்திக் காலத்திலேயே தொடங்கிவிட்டது!

தந்திக்காரரின் 'கை'

1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அதன்பின் தந்தி அலுவலகங்கள் பெருகின. மோர்ஸ் குறியீட்டின் புள்ளியும் கோடும் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் ஒருவர் கோட்டைச் சற்று இழுத்து அடிப்பார். இன்னொருவர் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் குறைப்பார். அனுபவமுள்ள தந்திக்காரர்கள், மறுமுனையில் இருப்பவரை ஒலியை வைத்தே அடையாளம் கண்டனர். இந்தத் தனிப்பாணியை 'ஃபிஸ்ட்' என்று அழைத்தார்கள். முஷ்டி என்பது அதன் பொருள்.

போர்க்காலத்தில்

இரண்டாம் உலகப் போரில் இது உளவு வேலைக்கும் உதவியது. ஜெர்மானியர்கள் சங்கேத மொழியில் செய்தி அனுப்பினர். அழைப்புக்குறிகளையும் மாற்றிக்கொண்டே இருந்தனர். ஆனால் வானொலி இயக்குபவரின் கைப்பழக்கம் மாறவில்லை. பிரிட்டனின் 'ஒய் சர்வீஸ்' பிரிவில் ஒட்டுக்கேட்டவர்கள் (இவர்களில் பெண்கள் பலர்) அந்தக் கையைத் தொடர்ந்தே எந்தப் படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று கணித்தார்கள்.

இதன் குறைபாடும் அதே போரில் வெளிப்பட்டது. 1942 மார்ச்சில் ஹூபர்ட் லாவர்ஸ் என்ற டச்சு உளவாளி ஹேக் நகரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அவரை வைத்தே லண்டனுக்குச் செய்தி அனுப்ப வைத்தனர். அடித்தது அவருடைய கைதான். வேண்டுமென்றே செய்வதாக முன்பே பேசிவைத்திருந்த பிழையை மட்டும் அவர் விட்டுவிட்டார். 'நான் பிடிபட்டுவிட்டேன்' என்பதே அதன் பொருள். லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை! தொடர்ந்து அனுப்பப்பட்ட 50-க்கும் மேற்பட்ட உளவாளிகள் சிக்கினர். அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

விசைப்பலகைக்கு வந்தது

1980-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் இதே கருத்தைத் தட்டச்சில் சோதித்தது. ஏழு செயலாளர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையிலான நேரத்தை அளந்தனர். சில மாதங்கள் கழித்து மீண்டும் செய்தபோதும் அந்தப் பாணி பெரிதாக மாறவில்லை.

தொடுதிரைக் காலம்

1965-லேயே பிரிட்டனில் இ.ஏ.ஜான்சன் தொடுதிரை பற்றி எழுதியிருந்தார். 2007-ல் ஐபோன் வந்தபின் அது கோடிக்கணக்கானோர் கைக்குச் சென்றது. விசைப்பலகை தருவது நேரக் கணக்கை மட்டுமே. தொடுதிரையோ விரல் எங்கே பட்டது, எங்கே விலகியது, எவ்வளவு வேகம், கோடு எப்படி வளைந்தது, எவ்வளவு பரப்பு பதிந்தது என்று எல்லாவற்றையும் தருகிறது. கட்டைவிரலின் நீளமும் போனைப் பிடிக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இவையும் வேறுபடுகின்றன.

2013-ல் வெளியான 'டச்சாலிட்டிக்ஸ்' ஆய்வில் 41 பேரின் தொடுதல்கள் 30 அம்சங்களாகப் பிரித்து ஆராயப்பட்டன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதும் பிழை விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ஆனாலும் கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் தனியாக நம்புவதற்கு இது போதாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கடவுச்சொல் தொடக்கத்தில் ஒருமுறைதான் கேட்கப்படும். தொடுதலையோ போன் கையில் இருக்கும் நேரம் முழுவதும் கவனிக்கலாம். இதுவே இம்முறையின் பலம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலின் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஒரு செயலி அதைக் கவனிப்பது பயனருக்குத் தெரியாமலும் போகலாம்.

லாவர்ஸின் கதை இன்றைக்கும் பொருந்தும். விரல் யாருடையது என்பதைக் கருவி சொல்லிவிடும். அந்த விரல் விருப்பத்தோடு நகர்கிறதா, மிரட்டலுக்குப் பயந்து நகர்கிறதா என்பதை அது சொல்லாது. அதை மனிதர்கள்தான் கவனிக்க வேண்டும்.