பழைய சைக்கிளும் ஓர் ஆவணமே

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கொத்தளங்களும், கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவை வரலாற்றுச் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களும் சான்றுகளே. பாட்டனார் நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்த சைக்கிள் ஒன்று, துருப்பிடித்து வீட்டின் பின்கட்டில் சாய்ந்து கிடக்குமாயின், அதுவும் ஓர் ஆவணமே. அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல், வீட்டிலேயே செப்பனிட்டு, தமக்கேற்ப மாற்றியமைத்து ஓட்டவேண்டும் என்று விரும்பும் மாணவர்கள் உண்டு. அது பாராட்டத்தக்க விருப்பமே. ஆனால், ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். எதை மாற்றலாம்? எதை மாற்றாமல் காக்க வேண்டும்? இதற்கு விடை காண, சைக்கிள் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டியொன்றில் புறப்பட்டார். அதற்குப் பெடலும் இல்லை, செயினும் இல்லை. கால்களால் தரையை உந்தியே அவர் சென்றார். 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் பெடலைப் பொருத்தினர். பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுற்றும். ஆகவே, விரைவை விரும்பியவர்கள் முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயினர். அந்த உயரத்தில் அமர்ந்து சென்றவர், சக்கரத்தைச் சிறு கல் தடுத்தாலும் தலைகுப்புற விழ நேர்ந்தது.

இந்த இடரை நீக்கியது செயின். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளைகள் அமைந்த செயினுக்கு உருவம் கொடுத்தார். 1885-இல் காவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயினால் இயக்கும் 'ரோவர்' என்னும் சைக்கிளை வெளியிட்டார். பெரிய பற்சக்கரமும் சிறிய பற்சக்கரமும் விரைவைத் தந்தமையால், பெரிய முன்சக்கரத்திற்கு வேலை இல்லாமற் போயிற்று. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே கருத்துக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. ஆயினும், மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் டன்லப்பின் பெயரே.

இப்பொழுது நம் வீட்டுப் பழைய சைக்கிளுக்கு வருவோம். அதன் சக்கரத்தை உற்றுப் பாருங்கள். கம்பிகள் நேராக நடுமையத்தை நோக்கிச் செல்லாமல், சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. மிதிக்கும் விசையைத் தாங்குவதற்காக 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கண்ட முறை அது. முன்பு சொன்ன ஜான் கெம்ப் ஸ்டார்லி இவருடைய அண்ணன் தம்பி வழி மகனே. வேறு வேறு நகரங்களில், வேறு வேறு காலங்களில் வாழ்ந்தவர்களின் சிந்தனை இந்த ஒரே வண்டியில் ஒன்றுசேர்ந்திருக்கிறது.

வண்டியின் முகப்பிலுள்ள சின்னமும் பேசும். மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தால் அது பி.எஸ்.ஏ. 1861-இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்கென்று தொடங்கிய நிறுவனம் அது. 'ராலே' என்பதோ, நாட்டிங்ஹாமில் அந்நிறுவனம் பிறந்த தெருவின் பெயர். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றி, இங்கிலாந்துப் பெயரான 'ஹெர்குலிஸ்' வண்டிகள் நம் நாட்டிலேயே உருவாயின. ஆகவே, பெயரை மட்டும் பார்த்துப் பிறந்த ஊரைத் தீர்மானித்துவிட இயலாது. இருக்கைக்குக் கீழோ கிராங்க் அச்சின் அடியிலோ பொறித்துள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் மூன்று வேக ஹப் பொருத்தப்பட்டிருந்தால், பெரும்பாலும் அதன் மேலேயே ஆண்டைக் குறிக்கும் இலக்கங்கள் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்து வண்டிகளில், குரோமிய முலாம் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்பு வண்ணமே காணப்படும். உலோகத் தட்டுப்பாட்டின் வரலாறு அந்தக் கறுப்பில் இருக்கிறது. அறியாத ஒருவர் அதனைச் சுரண்டி முலாம் பூசிவிட்டால், வண்டி பளபளக்கும், சான்று அழிந்துபோகும்.

எனவே, செப்பனிடும் வேலையின் முதற்படி கழற்றுவதன்று, குறித்துவைப்பதே. நாற்புறமும் புகைப்படம் எடுங்கள். எண்களையும் எழுத்துகளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு இறுகிய இடங்களில் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை வலப்பக்கப் பெடலின் மரைக்கு நேர்மாறானது; மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதபடி அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். அதனைக் கழற்ற ஸ்பானரை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இதை அறியாமல் வலிமையைக் காட்டினால் மரை கெடும். ஹப்பையும் கிராங்க் அச்சையும் பிரிக்கும்போது கீழே ஒரு துணியை விரித்து, உதிரும் குண்டுகளைப் பக்கத்திற்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் கிராங்க் அச்சுக்குப் பக்கத்திற்குக் கால் அங்குலக் குண்டுகள் 11 இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தேய்ந்த குண்டுகளை மாற்றி, புதிய கிரீஸ் இட்டால், பல்லாண்டு அசையாதிருந்த அச்சும் விரலால் சுழற்றச் சுழலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். இங்கிலாந்து சைக்கிள்களில் கிராங்க் அச்சுக் கூட்டிற்கு அங்குலத்திற்கு 24 மரைகள் என்பது பொது வழக்கு. ராலேயோ நெடுங்காலம் 26 மரைகளைக் கைக்கொண்டது. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கடையில் கிடைத்த 24 மரைக் கப்பை அதிலே வலிந்து திருகினால் சட்டமே பாழாகும். ஒரு தொழிற்சாலை தனக்கென வகுத்த விதி, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கையைக் கட்டுப்படுத்துகிறது. வரலாறு ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பது தீங்கு. அதைவிட, பழைய வண்ணத்தை இருந்தபடியே விட்டு, மென்மையான சோப்பு நீரால் துடைத்து மெழுகு பூசுவது நன்று. சட்டத்தின்மீது பொன்னிறத்தில் ஒட்டியுள்ள எழுத்துகளையும் கோடுகளையும் ஒரு முறை சுரண்டிவிட்டால் மீண்டும் பெற முடியாது. முலாம் பூசிய பகுதிகளில் லேசான துருவை, நீரில் நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தே போக்கிவிடலாம்.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறன்று. உயிர்க்காப்புக்கு உரியவற்றில் தயக்கமே கூடாது. வெடித்த டயர், கல்லாய் இறுகிய பிரேக் கட்டை, நெளிந்த ஃபோர்க், அற்ற கம்பி ஆகியவற்றைப் பழமையின் பெயரால் வைத்திருப்பது அறிவுடைமையாகாது. மேலும், தனக்கேற்ப மாற்றிக்கொள்வதும் சைக்கிள் வரலாற்றின் ஒரு பகுதியே. பிரான்சில் சேன்-எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி என்பவர், மலைப்பாதைகளில் ஏறுவதற்காகத் தம் வண்டியில் பலவகை வேகமாற்றிகளைப் பொருத்திச் சோதித்து, அவற்றின் பயனை இடைவிடாது எடுத்துரைத்தார். டூர் தெ பிரான்ஸ் பந்தயம் செயினை நகர்த்தும் வேகமாற்றியை 1937-இல்தான் அனுமதித்தது. ஓட்டியவர்கள் முன்னே சென்றார்கள். விதிகள் பின்னே வந்தன.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளையே பலர் ஓட்டினர். அவற்றின் மேற்குழாய், குழந்தையை அமர்த்திச் செல்ல வசதியென்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. அத்தகைய வண்டியொன்று இன்று உங்கள் கைக்கு வந்தால், மேற்குழாயில் தேய்ந்திருக்கும் வண்ணம் குறையன்று. ஒரு தாயின் விடுதலையும் அவள் குழந்தையின் பயணமும் அங்கே பதிந்திருக்கின்றன. தோல் இருக்கையில் விழுந்த பள்ளமும், கேரியரில் சுமை உராய்ந்த தடமும் அத்தகையனவே.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடிய மாற்றம் எதுவாயினும் செய்யலாம். புதிய கைப்பிடி, வசதியான இருக்கை, நல்ல விளக்கு, வேகம் மாற்றும் சக்கரம் ஆகியவற்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆனால், கழற்றிய பழைய பகுதிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். சட்டத்தை அறுப்பது, எண்ணைத் தேய்ப்பது, சின்னத்தைப் பெயர்ப்பது ஆகிய திரும்பப் பெற முடியாத செயல்களை மட்டும் செய்யாதீர்கள். வேலை முடிந்தபின், என்ன மாற்றினீர்கள், எந்த ஆண்டில் மாற்றினீர்கள் என்று எழுதி அந்தப் பெட்டியிலேயே இடுங்கள்.

மாணவ நண்பர்களே, அந்தச் சிறு தாளும் ஒரு நாள் சான்றாகும். நமக்கு முன் ஓட்டியவர்களின் தடத்தை அழிக்காமல், நமக்குப் பின் ஓட்டப்போகிறவர்களின் உரிமையைப் பறிக்காமல், நம் காலத்தில் நாம் மகிழ்ச்சியோடு ஓட்டிச் செல்ல வேண்டும். அதற்கு ஒரு ஸ்பானரும், சிறிது எண்ணெயும், ஒரு குறிப்பேடும், நிறைந்த பொறுமையும் போதும்.