சுத்தியலைத் தேடப் போனவர்

மெட்டல் டிடெக்டர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது புதையல்தான். ஆனா எரிக் லாஸ் அதை எடுத்துட்டுப் போனது ஒரு சுத்தியலைத் தேடி.

1992 நவம்பர் 16. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற கிராமம். அங்கே பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைச்சுட்டார். லாஸ் அவருக்குத் தெரிஞ்சவர், ஓய்வு பெற்ற தோட்டக்காரர். தேடித் தர வந்தவருக்கு வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசுகள்னு வர ஆரம்பிச்சது.

இங்கதான் எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை. கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுறதை நிறுத்திட்டார். தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் குழு வந்து, யாருக்கும் தெரியாம, ஒரே நாளில் மொத்தத்தையும் எடுத்தது.

நிறுத்தினதால என்ன கிடைச்சது? சுமார் 15,000 ரோமானியக் காசுகள், 200 பொருட்கள். அதைவிட முக்கியம், எது எங்கே இருந்ததுங்கிற விவரம். மரம் மக்கிப்போயிருந்தாலும், இது ஒரு ஓக் பெட்டி, உள்ளே சின்னப் பெட்டிகள், சிலது துணியில் சுத்தினதுன்னு புரிஞ்சுது. அப்போ இது திருடன் அவசரத்தில் புதைச்சது இல்லை, ஒரு பணக்கார வீடு நிதானமா அடுக்கி வெச்சது. கடைசிக் காசு கி.பி. 407, 408 வாக்கில் அச்சானது. பிரிட்டனில் ரோமானிய ஆட்சி சரிஞ்ச நேரம். திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு நினைச்சிருக்காங்க. வரலை.

அதில் நாலு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. மிளகு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சரக்கு! அது அங்கே போய் வெள்ளிச் சிமிழில் உட்கார்ந்திருக்கு.

லாஸுக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. வாட்லிங்கோட பகிர்ந்துகிட்டார். சுத்தியலும் கிடைச்சது, இப்போ அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு.

இப்போ இன்னொரு வயல். 2015, ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் பக்கம். அதுக்குள்ள சட்டம் தெளிவாயிடுச்சு: புதையல் கிடைச்சா 14 நாளில் தெரிவிக்கணும். ஆனா இங்கே தோண்டின ரெண்டு பேர் நகைகளையும் ஒரு சில காசுகளையும் மட்டும் காட்டிட்டு, மத்ததைச் சத்தமில்லாம வித்துட்டாங்க. போனில் எடுத்த படங்களை டெலீட் பண்ணியிருந்தாங்க. டெலீட் பட்டனை எவ்வளவு நம்பலாம்னு நம்ம துறைக்காரங்களுக்குத் தெரியும், போலீஸ் மீட்டுட்டாங்க. அதை வெச்சுத்தான் மொத்தம் 300 காசு வரை இருந்திருக்கும்னு கணக்குப் போட்டாங்க. 2019இல் ரெண்டு பேருக்கும் சிறை.

மீட்டது சுமார் 30. அதில் சில காசுகளில் ரெண்டு பேரரசர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்காங்க. அதே டிசைனை வெஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், மெர்சியா அரசர் கியோல்வுல்ஃப் ரெண்டு பேருமே வெளியிட்டிருக்காங்க. ஆல்ஃபிரட் தரப்பு எழுதின வரலாற்றில் கியோல்வுல்ஃப் வைக்கிங்குகளின் கைப்பாவை, முட்டாள். காசோ, ரெண்டு பேரும் கூட்டாளிகள்னு சொல்லுது. ஜெயிச்சவங்க ஓரங்கட்டின ஒருத்தருக்கு ஆதரவா 1,100 வருஷம் கழிச்சு வந்த சாட்சி அது.

மீதியில் பெரும்பாலானவை இன்னும் கிடைக்கலை.